உப்பைக் கேட்டது உடம்பு... விடை சொன்னது ஊசி!

சித்த வைத்தியருக்கும் ஊசிக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கிறீர்களா? நியாயமான கேள்விதான். கஷாயம், சூரணம், செந்தூரம் என்று எழுத வேண்டியவன், இங்கிலீஷ் மருத்துவத்தில் நோயைக் கண்டுபிடிக்கப் போடும் ஒரு ஊசியைப் பற்றி எழுத வந்திருக்கிறேன். காரணம் இருக்கிறது. அந்த ஊசியைப் பற்றி நான் தெரிந்துகொண்டது என் தவறு ஒன்றின் மூலமாகத்தான்.

சென்னையிலிருந்து புதுச்சேரிக்குக் கிழக்குக் கடற்கரைச் சாலையில் போனவர்களுக்கு மரக்காணம் தெரிந்திருக்கும். சாலை ஓரமெல்லாம் பாத்தி பாத்தியாக உப்பளம். வெள்ளைவெளேரென்று உப்புக் குவியல்கள். கண் கூசும் வெயிலில் ஆணும் பெண்ணும் உப்பு வாரிக்கொண்டிருப்பார்கள். அந்தப் பக்கத்தில் வாரம் இரண்டு நாள் நான் நோயாளிகளைப் பார்ப்பது வழக்கம்.

சில வருஷங்களுக்கு முன் அங்கே ஒரு அம்மா வந்தார். வயது நாற்பதுக்கு மேல். தலையில் உப்புக் கூடை சுமக்கிற வேலை.

"டாக்டரு, கூடையைத் தூக்கினா கண்ணு இருட்டுது. சோறு எறங்கல. நாலு மாசத்துல ஆளே பாதியாயிட்டேன். உடம்பு வேற கருத்துப் போச்சு."

"வெயில்ல நின்னா கருக்காதாம்மா?" என்றேன்.

"அது சரிதான். ஆனா இன்னொண்ணு. கஞ்சியில எவ்ளோ உப்பு போட்டாலும் சப்புன்னே இருக்கு. வேலை செய்றப்பவே ஒரு கல்லு எடுத்து வாயில போட்டுக்கணும்னு தோணுது."

நான் சிரித்துவிட்டேன். "உப்பளத்துல இருக்கிற உங்களுக்கே உப்பு மேல ஆசையா?"

அந்தச் சிரிப்பை நினைத்தால் இன்றைக்கும் வெட்கமாக இருக்கிறது. ரத்த அழுத்தம் 90/60 இருந்தது. சத்துக் குறைவு என்று நினைத்தேன். பாண்டு நோய்க்குக் கொடுக்கும் அன்னபேதிச் செந்தூரமும் கரிசாலையும் கொடுத்து அனுப்பினேன். இரண்டு மாதம் ஓடியது. ஒருநாள் சாதாரணக் காய்ச்சல், வாந்தி. மறுநாள் காலையில் நினைவு தப்பிக் கிடந்தார். உறவினர்கள் ஒரு பெரிய மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள்.

ரத்தத்தில் சோடியம் 135-க்கு மேல் இருக்க வேண்டியது, 120-க்கும் கீழே போயிருந்தது. சர்க்கரையும் தாழ்ந்து கிடந்தது. உப்புநீர் ஏற்றி, ஹைட்ரோகார்டிசோன் ஊசி போட்ட சில மணி நேரத்தில் கண் விழித்தார். உப்பளத்திலேயே பிழைக்கும் ஒரு பெண்ணின் ரத்தத்தில் உப்பு இல்லை!

தொப்பி போட்ட சுரப்பி

நம் இரண்டு சிறுநீரகங்களின் தலையிலும் தொப்பி வைத்தது மாதிரி ஒரு சின்னச் சுரப்பி உட்கார்ந்திருக்கிறது. பெயர் அட்ரீனல். அது சுரக்கிற கார்டிசால் என்ற ஹார்மோன்தான் காய்ச்சல், அடிபடுதல், ஆபரேஷன், அதிர்ச்சி போன்ற நெருக்கடிகளில் ரத்த அழுத்தத்தையும் சர்க்கரையையும் தாங்கிப் பிடிக்கிறது. அதே சுரப்பியின் ஆல்டோஸ்டிரோன் என்ற இன்னொரு ஹார்மோன், உப்பு சிறுநீரில் போய்விடாமல் பிடித்து வைக்கிறது.

இந்தச் சுரப்பிக்கு மேலதிகாரி மூளையின் அடியில் இருக்கும் பிட்யூட்டரி. 'கார்டிசால் சுர' என்று அது அனுப்புகிற உத்தரவுக்கு ஏ.சி.டி.எச். என்று பெயர்.

அட்ரீனல் கெட்டுப்போனால் என்ன ஆகும்? உத்தரவு வந்தும் வேலை நடக்காது. பிட்யூட்டரி விடாது. மேலும் மேலும் உத்தரவு அனுப்பிக்கொண்டே இருக்கும். அந்த ஏ.சி.டி.எச். அளவுக்கு மிஞ்சும்போது தோலின் நிறமியையும் தூண்டிவிடுகிறது. அதனால்தான் உடம்பு கருக்கிறது. உப்பு வெளியேறிக்கொண்டே இருப்பதால் நாக்கு உப்பைக் கேட்கிறது.

லண்டன் கைஸ் மருத்துவமனையில் இருந்த தாமஸ் அடிசன் 1855-ம் வருஷம் இதை விவரித்து எழுதினார். அதனால் 'அடிசன் நோய்' என்று பெயர். அவர் பார்த்த நோயாளிகளில் பலருக்கு அட்ரீனலைக் கெடுத்தது காசநோய்தான். நம் நாட்டில் இன்றைக்கும் காசநோய் இதற்கு ஒரு முக்கியக் காரணம். மேல்நாடுகளில், உடம்பின் எதிர்ப்புச் சக்தியே தன் சுரப்பியைத் தாக்குவதுதான் பெரும்பாலும் காரணம்.

அமெரிக்க ஜனாதிபதியாக இருந்த ஜான் கென்னடிக்கும் இந்த நோய் இருந்தது. 1947-ல் லண்டனில் கண்டுபிடித்தார்கள். மருந்து சாப்பிட்டுக்கொண்டேதான் அவர் நாட்டை ஆண்டார்.

வெயில் கருப்பா, நோய்க் கருப்பா?

பாளையங்கோட்டை அரசு சித்த மருத்துவக் கல்லூரியில் படித்தபோது எண்வகைத் தேர்வு என்று சொல்லிக்கொடுத்தார்கள். நாடி, பரிசம், நா, நிறம், மொழி, விழி, மலம், மூத்திரம். இதில் 'நா', 'நிறம்' இரண்டையும் நான் ஒழுங்காகப் பார்த்திருந்தாலே சந்தேகம் வந்திருக்கும்!

வெயிலால் வரும் கருப்பு, வெயில் படும் இடத்தில்தான் வரும். அடிசன் நோயில் வெயிலே படாத இடமும் கருக்கும். உள்ளங்கை ரேகைகள், விரல் முட்டிகள், பழைய தழும்புகள், ஈறு, கன்னத்தின் உட்புறம், நாக்கு. நம் நிறத்துக்கு ஈறு சிலருக்குப் பிறவியிலேயே கருப்பாக இருப்பதும் உண்டு. அதனால் 'புதுசாகக் கருத்ததா?' என்று கேட்க வேண்டும். அந்த அம்மாவின் வாய்க்குள் திட்டுத் திட்டாகக் கருப்பு இருந்ததை மருத்துவமனையில் பார்த்துவிட்டார்கள். நான் வெளியில் தெரிந்த நிறத்தைப் பார்த்து, பழியை வெயில்மேல் போட்டுவிட்டேன்.

அந்த ஊசி என்ன செய்கிறது?

உயிர் பிழைத்தாயிற்று. நோயை உறுதிப்படுத்த வேண்டாமா? காலை எட்டு மணிக்கு எடுத்த ரத்தத்தில் கார்டிசால் 3 மைக்ரோகிராமுக்கும் கீழே இருந்தால் குறைபாடு அநேகமாக நிச்சயம். 15-க்கு மேல் தாராளமாக இருந்தால் பெரும்பாலும் பயமில்லை. இரண்டுக்கும் நடுவில் நின்றால்தான் சிக்கல். அப்போது செய்வது இந்த ஊசிப் பரிசோதனை. (அளவெல்லாம் ஒரு டெசிலிட்டர் ரத்தத்துக்கு.)

பிட்யூட்டரி அனுப்புகிற ஏ.சி.டி.எச்.-ல் 39 அமினோ அமிலங்கள் கோர்த்திருக்கின்றன. அதில் முதல் 24-ஐ மட்டும் செயற்கையாகச் செய்தாலே சுரப்பி உத்தரவுக்குப் பணிகிறது. அப்படிச் செய்த மருந்துக்கு டெட்ராகோசாக்டைடு என்று பெயர். அமெரிக்காவில் கோசின்ட்ரோபின் என்கிறார்கள். சினாக்தென் என்பது ஒரு வியாபாரப் பெயர்.

முதலில் ரத்தம் எடுப்பார்கள். பிறகு பெரியவர்களுக்கு 250 மைக்ரோகிராம் ஊசி, நரம்பிலோ தசையிலோ. குழந்தைகளுக்கு அளவு வேறு. அரை மணியில் ஒரு தடவை, ஒரு மணியில் ஒரு தடவை மறுபடி ரத்தம். நல்ல சுரப்பியாக இருந்தால் கார்டிசால் மேலே ஏறியிருக்கும். கெட்ட சுரப்பியில் ஏறாது. தூங்குகிறவனைத் தட்டினால் எழுந்துவிடுவான், மயங்கிக் கிடப்பவன் எழுந்திருக்க மாட்டான் அல்லவா? அந்த மாதிரிதான்.

பழைய கணக்குப்படி 18-க்கு மேல் ஏறினால் நல்ல சுரப்பி. இப்போது வரும் சில புதிய கருவிகளில் 14, 15 வந்தாலே போதும். அதனால் ரிப்போர்ட்டை வாங்கிப் பார்த்து நீங்களே முடிவு கட்டாதீர்கள். எந்த முறையில் அளந்தார்கள் என்பது டாக்டருக்குத் தெரியும்.

"ஊசி வேண்டாம், கூட்டிட்டுப் போறோம்!"

இந்த இடத்தில்தான் தகராறு வந்தது. அம்மா எழுந்து உட்கார்ந்துவிட்டார். இனி எதற்கு ஊசி என்று வீட்டுக்காரரும் கொழுந்தனும் கையெழுத்துப் போட்டுவிட்டு அழைத்துப் போகத் தயாரானார்கள். கொழுந்தன் என்னைத் தேடி வந்தார்.

"ஐயா, அந்த ஊசி போட்டா மூச்சு நின்னுடுமாமே. பக்கத்துக் கட்டில்ல சொல்றாங்க. நீங்களே ஏதாச்சும் கஷாயம் குடுத்துடுங்க. உங்க கைராசியே போதும்."

"தம்பி, என் கைராசியிலதான் ரெண்டு மாசம் வீணாப் போச்சு," என்றேன். அவரையே கூட்டிக்கொண்டு மருத்துவமனைக்குப் போனேன். அங்கிருந்த டாக்டர், என்னைவிட இருபது வயது சின்னவர், பொறுமையாக எல்லாவற்றையும் விளக்கினார். அவர் சொன்னதையும், பிறகு நான் படித்துத் தெரிந்துகொண்டதையும் உங்களுக்குச் சொல்கிறேன்.

பயத்தில் ஒரு துளி உண்மை இருக்கிறது. மிக அபூர்வமாகச் சிலருக்கு இந்த மருந்து கடுமையான ஒவ்வாமையை உண்டாக்கலாம். தடிப்பு, அரிப்பு, மூச்சிரைப்பு, உதடு வீக்கம், ரத்த அழுத்தம் இறங்குதல். மற்றபடி ஊசி குத்திய வலி, சிலருக்குக் கொஞ்ச நேரம் முகம் சிவத்தல், அவ்வளவுதான். அந்த அபூர்வ ஆபத்துக்கும் தயாராக இருந்துகொண்டு போடுவதுதான் பாதுகாப்பு.

போடுவதற்கு முன்

*ஒவ்வாமையைச் சொல்லுங்கள்.* ஆஸ்துமா, கரப்பான், எந்த மருந்துக்காவது முன்பு தடிப்பு வந்தது, எதையும் மறைக்க வேண்டாம். ஏ.சி.டி.எச். ஊசிக்கே முன்பு ஒத்துக்கொள்ளாமல் போயிருந்தால் இந்த ஊசி கூடாது.

*ஸ்டீராய்டைச் சொல்லுங்கள்.* மாத்திரை மட்டுமல்ல. ஆஸ்துமாவுக்கு உறிஞ்சும் மருந்து, முட்டியில் போட்ட ஊசி, முகம் வெளுக்கப் பூசிய களிம்பு, எல்லாமே கணக்கு. ஹைட்ரோகார்டிசோன், பிரெட்னிசோலோன் இரண்டும் கார்டிசால் அளவீட்டில் கலந்து பொய்க் கணக்குக் காட்டும். அதற்காக நீங்களாக மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள்! அது உயிருக்கே ஆபத்து. எந்த வேளை மாத்திரையைத் தள்ளிப்போட வேண்டும் என்று டாக்டர் சொல்வார். ரத்தம் எடுத்து முடிந்ததும் கொடுத்துவிடுவார்கள்.

*கருத்தடை மாத்திரையைச் சொல்லுங்கள்.* ஈஸ்ட்ரோஜன் கலந்த மாத்திரை, கார்டிசாலைச் சுமந்து செல்லும் புரதத்தை ரத்தத்தில் கூட்டிவிடும். அளவு உண்மையைவிட அதிகமாகத் தெரியும். நோய் இருந்தும் 'இல்லை' என்று ரிப்போர்ட் வரலாம். கர்ப்பத்திலும் இதே கதைதான். முடி வளரச் சாப்பிடும் பயோட்டின் மாத்திரையும் சில கருவிகளை ஏமாற்றும்.

*நாட்டு மருந்தையும் சொல்லுங்கள்.* இது என் துறை என்பதால் அழுத்திச் சொல்கிறேன். இருமலுக்கு நாம் கொடுக்கும் அதிமதுரம் சிறுநீரகத்தில் கார்டிசால் செயலிழப்பதைத் தடுத்து, உப்பையும் நீரையும் உடம்பில் தேக்கும். நாள்பட்டு நிறையச் சாப்பிட்டால் நோயின் அடையாளமே மாறித் தெரியும். 'அது வெறும் நாட்டு மருந்துதானே' என்று நினைக்காதீர்கள்.

போடும்போதும், போட்ட பிறகும்

வீட்டிலோ, ரத்தம் எடுக்க மட்டும் வசதியுள்ள சின்ன லேபிலோ இந்த ஊசியைப் போட்டுக்கொள்ளக் கூடாது. டாக்டர், அட்ரினலின் ஊசி, ஆக்ஸிஜன், குளுக்கோஸ் ஏற்றும் வசதி பக்கத்திலேயே இருக்க வேண்டும்.

இந்த மருந்தில் உடனே வேலை செய்யும் வகை, மெதுவாக நீண்ட நேரம் வேலை செய்யும் வகை என்று இரண்டு உண்டு. பெயர்கள் ஒன்றுபோலவே இருக்கும். நீண்ட நேர வகையைத் தசையில்தான் போட வேண்டும். ஒருபோதும் நரம்பில் போடக் கூடாது. உடனடி வகை நம் நாட்டில் எல்லா ஊரிலும் சுலபமாகக் கிடைப்பதில்லை. அதனால் பல மருத்துவமனைகளில் நீண்ட நேர வகையைத் தசையில் போட்டே பரிசோதிக்கிறார்கள். ரத்தம் எடுக்கும் நேரமும், பார்க்கும் அளவும் அதற்குத் தகுந்தபடி மாறும். அதனால் 'எந்த வகை டாக்டர்?' என்று கேட்பதில் தப்பே இல்லை. மருந்து வாங்கிவரச் சொன்னால் சீட்டில் இருப்பதை அப்படியே வாங்குங்கள். கடைக்காரர் 'இதுவும் அதேதான்' என்று வேறொன்றைக் கொடுத்தால் டாக்டரிடம் காட்டிக் கேளுங்கள். ஐஸ் டப்பாவில் வைத்து எடுத்துப் போங்கள். ஆனால் உறையவிடக் கூடாது.

ஊசி போட்டதும் டீ குடிக்க வெளியே போய்விடாதீர்கள். குறைந்தது அரை மணி நேரம் அங்கேயே இருங்கள். அரிப்பு, இழுப்பு, தலைசுற்றல் எது தோன்றினாலும் உடனே சொல்லுங்கள். ஊசி போட்ட நேரத்தையும், ரத்தம் எடுத்த நேரத்தையும் சீட்டில் குறித்திருக்கிறார்களா என்று பாருங்கள். நேரம் தவறினால் முடிவும் தவறும்.

நெருக்கடியில் பரிசோதனைக்குக் காத்திருக்காதீர்கள்!

இதைக் கொட்டை எழுத்தில் படியுங்கள். நோயாளி வாந்தி எடுத்து, ரத்த அழுத்தம் இறங்கி, நினைவு தப்பிக் கிடக்கும்போது, பரிசோதனை முடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. கொஞ்சம் ரத்தம் எடுத்து வைத்துக்கொண்டு, உடனே 100 மில்லிகிராம் ஹைட்ரோகார்டிசோனும் உப்புநீரும் கொடுப்பார்கள். பரிசோதனையைப் பிறகு நிதானமாகச் செய்துகொள்ளலாம். முதலில் உயிர், பிறகுதான் நோயின் பெயர்!

பெயர் ஒட்டாத பொட்டலம்

எங்கள் துறைக்கே தலைகுனிவான ஒரு விஷயத்தையும் சொல்லியாக வேண்டும். மூட்டுவலிக்கு 'கைகண்ட மூலிகை' என்று பெயர் ஒட்டாத பொட்டலங்கள் விற்கிறார்கள். இரண்டே நாளில் வலி பறந்துவிடும். முகம் உப்பும், பசி கூடும். மூலிகை அப்படிப் பறக்கவிடாது ஐயா! உள்ளே ஸ்டீராய்டு மாத்திரையைப் பொடித்துக் கலந்திருக்கலாம். மாதக்கணக்கில் சாப்பிட்டால் பிட்யூட்டரி உத்தரவு அனுப்புவதையே மறந்துவிடும். அட்ரீனல் சுருங்கிவிடும். திடீரென்று பொட்டலத்தை நிறுத்தினால் அதே மயக்கம், அதே நெருக்கடி. இவர்களுக்கு ஏ.சி.டி.எச். குறைவு என்பதால் உடம்பு கருக்காது. அந்த அடையாளம்கூடக் கிடைக்காது. அப்படிப் பொட்டலம் சாப்பிடுகிறவர்கள் திடீரென்று நிறுத்தாமல், பொட்டலத்தையும் கையில் எடுத்துக்கொண்டு டாக்டரிடம் போங்கள்.

வாசகருக்கு வரக்கூடிய சந்தேகம்

*"பரிசோதனை நார்மல் என்று வந்தால் நிம்மதியாக இருக்கலாமா?"*

பெரும்பாலும் இருக்கலாம். ஒரு விதிவிலக்கு உண்டு. பிட்யூட்டரி புதிதாகக் கெட்டிருந்தால் முதல் சில வாரம் அட்ரீனல் இன்னும் தெம்பாகவே இருக்கும். ஊசிக்கு ஒழுங்காகப் பதில் சொல்லிவிடும். பிரசவத்தில் ரத்தம் நிறையப் போய், பிறகு பால் சுரக்காமல், மாதவிலக்கும் திரும்பாமல், சோர்ந்தே கிடக்கும் தாய்மாருக்கு இப்படி பிட்யூட்டரி கெட்டிருக்கலாம். அவர்கள் அந்தப் பிரசவ விவரத்தை டாக்டரிடம் அவசியம் சொல்ல வேண்டும்.

*"இந்த ஊசியே மருந்தா? நாலைந்து தடவை போட்டால் குணமாகுமா?"*

ஆகாது. இது கேள்வி கேட்கிற ஊசி. நோயை ஆற்றுகிற ஊசி அல்ல.

அந்த அம்மா என்ன ஆனார்?

கொழுந்தன் சம்மதித்தார். மருத்துவமனையில் வைத்து, ஹைட்ரோகார்டிசோனை ஒருவேளை மட்டும் தள்ளிப்போட்டு, பக்கத்திலேயே நர்ஸ் உட்கார்ந்திருக்க, ஊசி போட்டார்கள். ஒரு தடிப்புகூட வரவில்லை. கார்டிசால் அசையவே இல்லை. அட்ரீனல்தான் என்று உறுதியாயிற்று. ஸ்கேனில் இரண்டு சுரப்பியும் வீங்கியிருந்தன. விசாரித்தால், பல வருஷம் முன்பு காசநோய்க்கு மாத்திரை சாப்பிட்டு, பாதியில் நிறுத்தியவர். அதையும் நான் கேட்டிருக்கவில்லை.

காசநோய்க்கு மறுபடி சிகிச்சை தொடங்கினார்கள். அந்த மாத்திரைகளில் ஒன்றான ரிஃபாம்பிசின், கார்டிசாலைச் சீக்கிரம் கரைத்துவிடும். அதனால் ஹைட்ரோகார்டிசோன் அளவைக் கூட்டித்தான் கொடுக்க வேண்டும். நோயை உறுதி செய்யாமல் வீட்டுக்குப் போயிருந்தால், காசநோய் மாத்திரையே அவரை மறுபடி சாய்த்திருக்கும். ஊசியின் மதிப்பு அங்கேதான் எனக்குப் புரிந்தது.

இன்றைக்கு அவர் தினமும் ஹைட்ரோகார்டிசோனும், உப்பைப் பிடித்து வைக்கும் ஃப்ளூட்ரோகார்டிசோனும் சாப்பிடுகிறார். ஆயுளுக்கும் சாப்பிட வேண்டும். காய்ச்சல் வந்தால் ஹைட்ரோகார்டிசோனை இரண்டு பங்காக்க வேண்டும், வாந்தி வந்து மாத்திரை தங்காவிட்டால் உடனே ஊசிக்கு ஓட வேண்டும் என்று அவர் மகளுக்கு மனப்பாடம். நான் சத்துக்கும் பசிக்கும் ஏதாவது கொடுத்தால்கூட, 'அந்த டாக்டர்கிட்ட காட்டிட்டுச் சாப்பிடுறேன்' என்கிறார். சரிதான்! சுரப்பி செத்த பிறகு அதன் வேலையைச் செய்ய என்னிடம் மூலிகை இல்லை. அதைச் சொல்லிவிடுவதுதான் வைத்தியனுக்கு அழகு.

உடம்பு தனக்கு வேண்டியதைத் தானே கேட்கும். காரணம் தெரியாத இளைப்பு, வெயில் படாத இடத்தில் கருப்பு, எழுந்தால் தலைசுற்றல், தீராத உப்பு ஆசை, இவை சேர்ந்து வந்தால் சிரித்துவிடாதீர்கள். ஜிப்மர், வேலூர் சி.எம்.சி., சென்னை மருத்துவக் கல்லூரி போன்ற இடங்களில் ஹார்மோன் நோய்களுக்கென்றே தனிப் பிரிவு இருக்கிறது. உங்கள் குடும்ப டாக்டரிடம் ஒரு கடிதம் வாங்கிக்கொண்டு போங்கள்.

இதைக் கத்தரித்து பீரோ கதவில் ஒட்டி வையுங்கள்

1. ஊசிக்கு முன்: ஒவ்வாமை, ஸ்டீராய்டு, கருத்தடை மாத்திரை, நாட்டு மருந்து, பழைய காசநோய். ஐந்தையும் சொல்லுங்கள்.
2. எந்த மருந்தையும் நீங்களாக நிறுத்தாதீர்கள்.
3. அவசர வசதி உள்ள இடத்தில் மட்டும் போட்டுக்கொள்ளுங்கள்.
4. உடனடி வகையா, நீண்ட நேர வகையா? கேளுங்கள்.
5. போட்ட பிறகு அரை மணி நேரம் அங்கேயே இருங்கள்.
6. நினைவு தப்பினால் முதலில் சிகிச்சை, பிறகு பரிசோதனை.